8.10 டவுன் பஸ்: டிக்கெட் பூஜ்ஜியம், காத்திருப்பு நாற்பது நிமிடம்

முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளியில் பொருளியல் நடத்தியவள் நான். மார்க் போட்டுப் பழகிய கை சும்மா இருப்பதில்லை. பிரியாணிக் கடைக்கும் செல்போனுக்கும் ஊரே விமர்சனம் எழுதுகிறது. வாரத்தில் நான்கு நாள் நான் ஏறி இறங்கும் டவுன் பஸ்ஸைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. பெண்களுக்கு இலவசமாகக் கிடைப்பதை எதற்கு விமர்சிப்பது என்று நினைக்கிறார்கள் போல. அப்படி நினைப்பதே தப்பு. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எந்த டிப்போ, என்ன வழித்தட எண் என்று சொல்லப்போவதில்லை. டிரைவர், கண்டக்டர் பிழைப்பில் மண் போடுவது என் நோக்கமில்லை.

நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டரில் எங்கள் ஊர். பஸ் இங்கே திரும்பி, நல்லம்பள்ளி, அதியமான்கோட்டை, ஒட்டப்பட்டி, கலெக்டர் ஆபீஸ், நான்கு ரோடு என்று போய் தர்மபுரி டவுன் பஸ் ஸ்டாண்டில் நிற்கும். காலையில் எங்களுக்கு இருப்பது 8.10 வண்டி ஒன்றுதான். அடுத்தது பத்தரைக்கு மேல். 8.10 என்பது பலகையில் எழுதியிருக்கும் நேரம். வண்டி 8.15க்கு வந்ததும் உண்டு, 8.50க்கு வந்ததும் உண்டு, வராமலே போனதும் உண்டு. நான் எட்டு மணிக்கே போய்ப் புளியமரத்தடியில் நின்றுவிடுவேன். பக்கத்திலேயே தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய நிழற்குடை இருக்கிறது. தகரக் கூரை சூடு தாங்காமல் எல்லோரும் மரத்தடியில்தான் நிற்கிறோம். நிழற்குடையின் நெற்றியில் கட்டிக் கொடுத்தவர் பெயர் முழ நீளத்துக்கு இருக்கிறது. பஸ் வரும் நேரத்தை அதில் ஒரு மூலையிலாவது எழுதியிருக்கலாம்.

வண்டிக்குள் வருவோம். படி உயரம். என் முழங்காலுக்கு முதல் படியே மலை. கீழே இருக்கிறவர்களில் யாராவது முதுகில் கை கொடுத்து ஏற்றிவிடுவார்கள். இதற்கு மார்க் குறைக்கிறேன், தயவு தாட்சண்யம் கிடையாது. இந்தப் பஸ்ஸில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், இன்னும் கொஞ்சம் பேர் இடுப்பில் பிள்ளையோடு ஏறுகிறவர்கள். அவர்களுக்கு இந்தப் படியைப் போட்டவர் ஒரு நாளாவது புடவை கட்டி இதில் ஏறிப் பார்க்க வேண்டும்.

உள்ளே ஏறியதும் கண்டக்டர் ஒரு சீட்டு கிழித்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார், சீட்டு மட்டும் கட்டாயம் கொடுப்பார். இது சடங்குக்காக இல்லை. எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில்தான் நிற்கிறது. அதை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குப் பணம் ஈடு செய்கிறது. கூட்டத்தில் கிழிக்க முடியாமல் விட்டுவிட்டால் நாம் ஏறியதே கணக்கில் வராது. என் பக்கத்தில் உட்காரும் பூக்கார அக்காவிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து, சீட்டு வரவில்லை என்றால் அவரே சத்தம் போட்டுக் கேட்டு வாங்குகிறார். அவருக்கு டிக்கெட் இலவசம்தான். சாமந்திக் கூடைக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட் எடுக்கிறார். "நான் ஓசி, என் கூடை காசு" என்பார்.

அந்த 'ஓசி' என்ற சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. 2022ல் அப்போது அமைச்சராக இருந்த பொன்முடி ஒரு மேடையில் பெண்கள் ஓசியில் போவதாகப் பேசினார். பேச்சு எங்கும் பரவிய பிறகு வருத்தம் தெரிவித்தார். திட்டம் அவருடைய அரசின் திட்டம்தான்! 2021 மே 7ஆம் தேதி ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்ற அன்றே போட்ட கையெழுத்துகளில் ஒன்று இது. மறுநாளே சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கொடுக்கிற கையே 'ஓசி' என்று சொன்னால் வாங்குகிற கை கூசத்தான் செய்யும். எங்கள் ஊரில் கூசவில்லை. ஒருவேளை கூசுவதற்கு நேரம் இல்லையோ என்னவோ.

யார் யார் ஏறுகிறார்கள் என்று ஒரு மாதம் நோட்டில் குறித்துப் பார்த்தேன். வாத்தியார் புத்தி. சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் பதினோரு பேர், தூக்குப்போசியோடு. ஜவுளிக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஆறேழு பேர். பெரிய ஆஸ்பத்திரிக்கு சுகர் மாத்திரை வாங்கப் போகிற ஆயாக்கள். கலைக் கல்லூரிப் பிள்ளைகள். செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது நல்லம்பள்ளிச் சந்தைக் கூட்டம் சேர்ந்துகொள்ளும், அன்றைக்கு மூச்சு விட இடம் இருக்காது. சித்தாள் ஒருவரிடம் கணக்குக் கேட்டேன். முன்பு போக வர இருபது ரூபாய், மாதம் இருபத்தைந்து நாள், ஆக ஐந்நூறு ரூபாய். பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. எங்கள் ஊர்த் தூரத்துக்கு ஐந்நூறு. அந்த ஐந்நூறை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சோத்துக்குத்தான் டீச்சர்" என்றார். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

இனி அந்தக் கல்யாண வீட்டுக் கதை. போன தையில் தர்மபுரியில் ஒரு மண்டபம். மொய் எழுதிவிட்டுத் திரும்பினால் எதிரே என் பழைய மாணவர். ஒரு முறை சட்டமன்றத்துக்குப் போய் வந்தவர். கட்சியும் வேண்டாம், தொகுதியும் வேண்டாம். கூட்டத்தில் நான் அவரை 'நீங்க' என்பேன், தனியாக இருந்தால் 'நீ'தான்.

"டீச்சர், நீங்களேவா இந்த பஸ்ல வந்தீங்க? பென்ஷன் வாங்கறவங்களுக்கு எதுக்கு டீச்சர் இலவசம்?"

"எனக்கு இலவசம்னு தனியா யாரும் கொடுக்கல தம்பி. வண்டியில ஏறுற எல்லாப் பொம்பளைங்களுக்கும் அதே சீட்டுதான்."

அவர் விடவில்லை. தான் சபையில் இருந்தபோது ரோடு, பாலம், ரயில் மூன்றுக்கு மட்டும்தான் வாய் திறந்ததாகச் சொன்னார். "இதுல போற காசு திரும்ப வராது டீச்சர். ரோட்டுல போட்டா வரும். மூலதனச் செலவு, வருவாய்ச் செலவுன்னு நீங்கதானே நடத்துனீங்க?"

நடத்தியது நான்தான். ரோடு, பாலம் போல நிலைத்து நிற்பதற்குப் போடுவது மூலதனச் செலவு, சம்பளம், மானியம் என்று அன்றாடம் கரைவது வருவாய்ச் செலவு. பாதிப் பாடம்தான் காதில் விழுந்திருக்கிறது. அதற்குள் சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இலையில் உட்கார்ந்த பிறகும் பேச்சு ஓயவில்லை. அமெரிக்காவையே இழுத்துவிட்டார். "அங்க ஜோ மான்சின்னு ஒரு செனட்டர் டீச்சர். ரோட்டுக்கு ஓட்டுப் போட்டார், இலவசத்த நிறுத்திட்டார். ஒத்தை ஆளு!"

பேப்பர் படிக்கிறவர், தகவல் சரிதான். 2021 நவம்பரில் அங்கே 1.2 லட்சம் கோடி டாலர் மதிப்பில் சாலை, பாலம், ரயில், குடிநீர்க் குழாய்களுக்கான சட்டம் நிறைவேறியது. மான்சின் அதற்கு ஆதரவு. குழந்தைகளுக்கான உதவி, மருத்துவம், பருவநிலைச் செலவு எல்லாம் சேர்ந்த இன்னொரு பெரிய மசோதா அடுத்து நின்றது. டிசம்பர் 19ஆம் தேதி தொலைக்காட்சியில் உட்கார்ந்து அதற்கு ஓட்டுப் போட முடியாது என்றார். அவர்கள் மேலவையான செனட்டில் இரண்டு பக்கமும் ஐம்பதுக்கு ஐம்பது. அவர் ஒருவர் கை தூக்காவிட்டால் மசோதா படுத்துவிடும், படுத்தது. அவர் கட்சியின் இடதுசாரி உறுப்பினர்கள் இதற்குப் பயந்துதான் இரண்டு மசோதாவையும் சேர்த்தே கொண்டு போக வேண்டும் என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ரோடு தனியாகப் போய்விட்டது.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வருடம் ஜூலை முதல் டிசம்பர் வரை அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பிள்ளைக்கு இத்தனை டாலர் என்று மாதாமாதம் பணம் போனது. பெரிய மசோதா விழுந்ததால் அது நின்றுபோனது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கு அலுவலகத்தின் கணக்கில், 2021ல் குழந்தை வறுமை 5.2 சதவீதம். அடுத்த வருடம் 12.4. விலைவாசி ஏறியது, வேறு உதவிகளும் நின்றன, எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் பெரிய காரணம் அந்தப் பணம் நின்றது. 2022 ஆகஸ்டில் வேறொரு சின்ன மசோதாவுக்கு மான்சின் ஒத்துக்கொண்டார், மாதப் பணம் அதில் இல்லை. நான் இதைச் சொன்னபோது நம்மவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி தம்பி, அந்தாளு ஒத்தை ஓட்டுல நிறுத்தினார். உங்களால முடியுமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். முடியாது என்று அவருக்கே தெரியும். இங்கே கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணைப்படி பதவியே போகும், 1985லிருந்து அப்படி. இன்னொன்றையும் ஞாபகப்படுத்தினேன். ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அரசு பணம் கேட்கும் மானியக் கோரிக்கை சபைக்கு வரும்போது உறுப்பினர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்து ஏற்கலாம். கூட்ட முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 203ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதாவது, எந்த எம்.எல்.ஏ.வும் ஓட்டுப் போட்டு எங்கள் ஊருக்கு ஒரு பஸ்ஸைக் கூட்டித் தர முடியாது. ஆண்டுக்கு 3 கோடி தொகுதி நிதி இருக்கிறது. அதில் நிழற்குடை கட்டலாம், டிரைவருக்குச் சம்பளம் போட முடியாது. ஆக அவர் கையில் மிச்சம் இருப்பது வாய்தான். கேள்வி நேரத்தில் கேட்கலாம், மனு கொடுக்கலாம், அமைச்சரைப் பார்க்கலாம். 2022 ஆகஸ்டில் முதல்வர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கொடுங்கள் என்று கேட்டார். அந்தப் பத்தில் எத்தனை பேர் டவுன் பஸ் நடையை எழுதியிருப்பார்கள்? ஒரு எம்.எல்.ஏ.வின் கொள்கை என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், அவர் பேச்சைப் பார்க்கமாட்டேன். அந்தப் பத்து வரியைக் காட்டுங்கள் என்பேன்.

இனி அவருடைய ரோட்டுக்கு வருகிறேன். ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்து ஆறு வருடம் கழித்துத்தான் பஸ் வந்தது. அந்த ஆறு வருடம் ரோட்டை என்ன செய்தோம் தெரியுமா? ராகிக் கதிரைப் பரப்பினோம். கொள்ளுச் செடியைப் போட்டோம். எப்போதாவது வரும் டிராக்டர் மிதித்துவிட்டுப் போகும், பிறகு நாங்கள் தூற்றிக்கொள்வோம். மூலதனச் செலவில் போட்ட நல்ல களம். அதில் பஸ் ஓடத் தொடங்கிய அன்றைக்குத்தான் அது ரோடு ஆனது. காசில்லாமல் ஏறலாம் என்று ஆன அன்றைக்குத்தான் ஊரில் பாதிப் பேருக்கு அது பஸ் ஆனது. எது உள்கட்டமைப்பு, எது இலவசம் என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னால் எனக்குக் கை வரவில்லை. ஒகேனக்கல் தண்ணீரை எடுங்கள். 2008ல் அடிக்கல், 2013ல் திறப்பு, ஜப்பான் கடனோடு 1,928 கோடி ரூபாய். ஒரு கட்சி தொடங்கியது, இன்னொரு கட்சி திறந்தது. பார்த்தால் குழாய். ஆனால் புளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவதைத் தடுக்க என்று திட்டத்தின் பெயரிலேயே எழுதியிருந்தது. அது மூலதனமா, மருத்துவமா?

அவருடைய ரயிலுக்கும் ஒரு வார்த்தை. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906லேயே குறுகிய பாதை ரயில் வந்துவிட்டது. 1941ல் மூடிவிட்டார்கள். என் பாட்டி அதில் ஏறியிருக்கிறாள், கரிப்புகை கண்ணில் விழுந்ததை மட்டும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடி 36 கிலோமீட்டர் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். இந்த வரியை எழுதும் வரை நான் அதில் ஏறவில்லை. ஏறினால் அதற்கும் ஒரு விமர்சனம் எழுதுவேன்.

பென்ஷன்காரிக்கு எதற்கு என்று அவர் கேட்டது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் எனக்குக் கிடையாது, கேட்கவும் இல்லை. அதற்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள் என்று தொடங்கும்போதே வரம்புகள் வைத்தார்கள். விண்ணப்பம் வாங்கும் முகாமை முதல்வர் தொடங்கி வைத்ததே இங்கே பக்கத்தில் தொப்பூரில்தான், 2023 ஜூலை 24. கையில் பணமாகக் கொடுப்பதற்கு வரம்பு வைப்பதில் நியாயம் இருக்கிறது. பஸ் வேறு. நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி ஓடும், டீசல் எரியும். படியில் நின்றுகொண்டு கண்டக்டர் வருமானச் சான்றிதழ் பார்த்தால் 8.10 வண்டி பத்தரைக்குத்தான் கிளம்பும். இன்னொரு காரணமும் உண்டு. என் போன்றவர்களும் ஏறுவதால்தான் வண்டி வராத அன்றைக்கு யாராவது மனு எழுதுகிறார்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பஸ் நின்றுபோனால் யார் கேட்பார்கள்?

மனு எழுதினேன், ஆமாம். போன வருடம் ஒரே மாதத்தில் 8.10 வண்டி ஒன்பது நாள் வரவில்லை. என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. வராத நாட்களில் சித்தாள்கள் நல்லம்பள்ளி வரை நடந்தார்கள், அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். நேரம் தப்பிப் போனதால் இரண்டு பேரை மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்றேனே, ஒரு நாள் கூலி போனால் அதுவும் சேர்ந்து போச்சு. மனுவுக்கு ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. பணியாளர் பற்றாக்குறை, பரிசீலிக்கப்படும். ஒரே ஒரு வரி, கையெழுத்துக்கூட அச்சடித்தது.

பொருளியல்காரி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் இந்தத் திட்டத்துக்கு அரசு ஈடு செய்வதாகச் சொன்னது 1,200 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியது 3,600 கோடி. மூன்று மடங்கு. பார்த்துப் பயப்படுகிறவர்கள் பயப்படட்டும். நான் அதைப் படிக்கும் விதமே வேறு. வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். ஆட்கள் கூடினார்கள். எங்கள் ஊருக்கு வரும் நடை ஒன்றுகூடக் கூடவில்லை. இதை எந்த எம்.எல்.ஏ.வாவது கேட்டால் அவர் இலவசத்துக்கு எதிரியா, ரோட்டுக்கு நண்பரா என்று நான் பார்க்கமாட்டேன்.

மார்க்: டிக்கெட்டுக்கு நூற்றுக்கு நூறு. நேரம் தவறாமைக்கு முப்பத்தைந்து, பாஸ் மார்க், அதுவும் மழைக்காலத்தில் ஒரு நாள் வழியில் நின்ற எங்களை டிரைவர் தானாகவே நிறுத்தி ஏற்றிக்கொண்டதால். படிக்கு மார்க் போடவில்லை, மறுதேர்வு.

புதிதாக ஏறுகிறவர்களுக்கு: காலையில் போகும்போது இடது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நான்கு ரோட்டில் இறங்க வேண்டும் என்றால் கலெக்டர் ஆபீஸ் தாண்டியதுமே எழுந்து நில்லுங்கள், அங்கே நிற்கும் நேரம் குறைவு. திரும்பி வர மாலையில் 5.40 வண்டி. அதை விட்டால் எட்டுக்கு. செவ்வாய் என்றால் முன்னாலேயே போய் இடம் பிடியுங்கள். கூடைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.